வண்டி வாங்கும் முன் ஒரு கணக்கு

உங்கள் வீட்டில் புது வண்டி வாங்கப் போகிறார்களா? அப்படியானால் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் முடிந்துவிடும். விலை என்ன? மாதத் தவணை எவ்வளவு? மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தால் அது நிறத்தைப் பற்றியதாக இருக்கும். அதைக் கேட்பவர் அநேகமாக நீங்கள்தான்! இந்தக் கேள்விகளை மட்டும் வைத்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. நாகப்பட்டினத்தை வைத்தே அதைப் பார்ப்போம்.

விடியற்காலையில் நாகை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டுகளைப் பார்க்கலாம். சிக்கல், கீழ்வேளூர் என்று உள்ளூர்ப் பக்கம் மீன் கொண்டுபோய் விற்பவர்களுடைய வண்டிகள் அவை. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இன்றும் எந்த மொபெட்டைப் பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போய், 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது. வடிவம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. கியர் கிடையாது. காலடியில் மூட்டை வைக்க இடம் உண்டு. பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பெட்டி கட்டலாம்.

மீன் விற்கும் ஒருவர் 60,000 ரூபாய்க்கு இப்படி ஒரு வண்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. மீதி 48,000 ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், இரண்டு ஆண்டுத் தவணை. வட்டி 11,520 ரூபாய் ஆகிறது. மாதத் தவணை 2,480 ரூபாய். கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் ஓராண்டு முடியும்போது அவர் பாதி அசலைத் திருப்பிக் கட்டியிருப்பார். பாக்கி 24,000 ரூபாய்தான். வட்டியோ கடைசி மாதம் வரை 48,000 ரூபாய்க்கும் போடப்படுகிறது! பாக்கி இருக்கும் தொகைக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், அவர் உண்மையில் கொடுப்பது ஏறக்குறைய 21.6 சதவீதம். இந்த ஒரு கணக்கையாவது வீட்டில் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். அவர் நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் சுற்றுகிறார். சுமையோடு லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைக்கிறது. பெட்ரோல் விலையைக் கணக்குக்கு எளிதாக 100 ரூபாய் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 120 ரூபாய், ஆண்டில் 300 நாளுக்கு 36,000 ரூபாய், அதாவது மாதம் 3,000 ரூபாய். தவணையைவிட இது அதிகம்! இருபது மாதத்தில் வண்டியின் முழு விலையும் பெட்ரோலாகப் போய்விடுகிறது. கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி 500 ரூபாய் குறைக்கிறவர்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் போகிற போக்கில் கேட்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெரிய எஞ்சின் வேண்டுமா? காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம் இது. பாலங்களைத் தவிர மேடு ஏது? ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 200 கிலோ என்றால், சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் போதும். 80 கிலோமீட்டருக்கு அதைப் போல ஐந்தாறு மடங்கு வேண்டும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். மலையும் நெடுஞ்சாலை வேகமும் இல்லாதவருக்கு 150 சி.சி. பைக் எதற்கு?

சரி, மின்சார ஸ்கூட்டர்? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதியெல்லாம் வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரோ வாங்கியதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கொடுத்துவிடும். ஆகவே அதே 60 கிலோமீட்டருக்கு, மின்னேற்றத்தில் ஆகும் இழப்பையும் சேர்த்து, 2.5 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றால் நாளுக்கு 20 ரூபாய். ஆண்டுக்கு 30,000 ரூபாய் மிச்சம். வண்டி விலை 45,000 ரூபாய் கூடுதல் என்றாலும் ஒன்றரை ஆண்டில் அது திரும்பிவிடும்.

அதே ஸ்கூட்டரை, பள்ளிக்குப் போய்வர நாளுக்கு ஆறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓர் ஆசிரியர் வாங்கினால்? ஆண்டுக்கு 3,000 ரூபாய்தான் மிச்சமாகும். கூடுதல் விலை திரும்பிவர பதினைந்து ஆண்டுகள்! பாட்டரி அவ்வளவு காலம் தாங்காது. ஆறு கிலோமீட்டருக்கு நல்ல சைக்கிளே போதும் என்று நான் சொல்வேன்; ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆக, மின்வண்டியால் அதிக லாபம் மீன் விற்பவருக்குத்தான். ஆனால் அவருடைய தொழில்தான் அந்த வண்டிக்கு ஆகாத தொழில். ஐஸ் உருகி, உப்பும் மீன் கழுவிய நீரும் கலந்து, நாள் முழுவதும் பெட்டியிலிருந்து சொட்டுகிறது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், இரும்பு துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைவுபடுகிறது. ரிம், சைலன்சர், செயின் எல்லாம் கெடுகின்றன. மின்வண்டியிலோ செம்புக் கம்பிகளின் இணைப்புகளில் பச்சை பூக்கும். பெட்ரோல் மொபெட்டின் ரிம்மை உள்ளூர் மெக்கானிக் அன்றைக்கே மாற்றிவிடுவார். மின்வண்டி கெட்டால் நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் வியாபாரம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனவே அருகிலேயே பழுதுபார்க்கும் வசதி வரும்வரை, மீன் வியாபாரத்துக்குப் பெட்ரோல் மொபெட்டே மேல் என்று நினைக்கிறேன். பெட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, இரவில் வண்டியை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

ஆனால் இது வாங்குகிறவர் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல. மின்வண்டி விளம்பரங்களில் பாட்டரிக்கு ‘ஐ.பி. 67’ என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தும் உள்ளே நீர் புகவில்லை என்று அதற்குப் பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. ஆண்டுக் கணக்கில் உப்பு நீர் சொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் சொல்லாது. வீட்டில் மின்வண்டி வாங்கப் போனால், உப்பு நீரால் பழுதானால் உத்தரவாதம் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.