வயது மட்டும் போதுமா?

எந்த விமான நிறுவனத்திடம் இளமையான விமானங்கள் இருக்கின்றன என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. இண்டிகோ விமானங்களின் சராசரி வயது சுமார் ஐந்து. 2022 ஜனவரி 27 அன்று டாடாவிடம் ஒப்படைக்கப்பட்ட ஏர் இந்தியாவின் பெரிய விமானங்களில் பல, பத்தாண்டைக் கடந்தவை. கோவையிலோ நெடும்பாசேரியிலோ வளைகுடாவுக்கு விமானம் ஏறும் பாலக்காட்டுத் தொழிலாளியிடம், புதியதே பாதுகாப்பானது என்று இந்த வரிசை சொல்லாமல் சொல்கிறது.

அந்த இளமைக்குப் பின்னால் இருப்பது வணிகக் கணக்கு. மொத்தமாகத் தள்ளுபடி விலையில் வாங்குவது, குத்தகை நிறுவனத்துக்கு விற்று அதனிடமே வாடகைக்கு எடுப்பது, பெரும் பராமரிப்புச் செலவு வருமுன் திருப்பித் தந்துவிடுவது. புதிய விமானம் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால், 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 பேரைப் பலிகொண்ட போயிங் மேக்ஸ் விமானங்கள், பயன்பாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆனவை. பயிற்சிச் செலவைத் தவிர்ப்பதற்காக, விமானிகளுக்கு முறையாகத் தெரிவிக்கப்படாத மென்பொருள் அவற்றில் இருந்தது.

2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தானபோதும் பழுதுபட்டது இயந்திரமன்று. விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுப் பணியைக் குறைத்த விதிகளுக்கேற்ப ஆள்பலத்தை நிறுவனம் தயார் செய்யவில்லை. ஒழுங்குமுறை ஆணையமோ விதியிலிருந்தே தற்காலிக விலக்களித்தது! உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கையில் வைத்திருக்கும் ஏகபோகத்தின் முன் அரசு பணிந்தது.

விமானத்துறையில்கூட வயதை ஆண்டுகளால் மட்டும் அளப்பதில்லை. பறந்த மணிகளையும் ஏறி இறங்கிய தடவைகளையும் கணக்கிட்டே பராமரிப்பு வகுக்கப்படுகிறது. சாலைக்கு அந்த அளவுகோல் வரவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் இதில் அடங்கும். பாலக்காட்டுக் கணவாயின் சமதளத்தில் ஓடும் பேருந்துக்கும், போடிமெட்டு, குமுளி கொண்டையூசி வளைவுகளில் பிரேக் தேயத் தேய இறங்கும் பேருந்துக்கும் ஒரே கணக்கு. தனியார் வாகனமோ தகுதிச் சான்று பெற்றால் அதன் பின்னும் ஓடலாம். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் ஒன்பது உயிர்கள் போனதற்குக் காரணம் தனியார் சுற்றுலாப் பேருந்தின் வயதன்று, அதன் கட்டற்ற வேகம்.

தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன்னே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் வயதை எந்தப் பட்டியல் ஒப்பிடுகிறது? அந்த ஓட்டுநர் எத்தனை மணி உறங்கினார் என்று எவர் கேட்கிறார்? தோட்ட வேலை நேரத்துக்கேற்ப இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் அதிகாலையிலும் மாலையிலும் பேருந்துகளை இயக்க வேண்டும். மலைவழி வாகனங்களின் பிரேக்கை, ஓடிய தூரத்தைக் கணக்கிட்டுச் சோதிக்க வேண்டும். தொழிலாளரை ஏற்றிச் செல்வதற்கான பொறுப்பையும் செலவையும் தோட்ட முதலாளிகள் ஏற்க வேண்டும். இக்கோரிக்கைகளை எல்லையின் இருபுறமும் உள்ள கட்சிக் கிளைகளும் தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் இணைந்து உடனே கையிலெடுக்க வேண்டும்.