பாட்டிக்குப் பெயர் இல்லையா?

ஆர்னல்ட் ரைட் தொகுத்து 1908-இல் லண்டனில் வந்த பிரிட்டிஷ் மலாயா பற்றிய தடித்த புத்தகத்தில் ரப்பர்த் தோட்டப் படங்கள் நிறைய உண்டு. துரைமார்களுக்குப் பெயர் இருக்கிறது. நம்மாளுங்க வெறும் 'கூலிகள்'. சரி, அது வெள்ளைக்காரன் காலம்.

இப்போது? கோலா சாவா பக்கம் கேமராவோடு வருகிறவர்கள் இடிந்த லயத்தையும் சுருக்கம் விழுந்த முகத்தையும் எடுக்கிறார்கள். கீழே 'தோட்டப் பாட்டி, நெகிரி செம்பிலான்' என்று போடுகிறார்கள். பெயர் கேட்க எவ்வளவு நேரமாகிடும்? எத்தனை வருஷம் பால்மரம் வெட்டினார், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது எங்கே போனார் என்று கேட்டு எழுதினால்தானே அது ஆவணம்? இல்லாவிட்டால் அதுவும் துரை எடுத்த படம்தான்.

புத்தகத்தை முதலில் அந்தப் பாட்டி கையில் கொடுங்கள், ஐயா. கோலாலம்பூர் வெளியீட்டு விழாவைப் பிறகு பார்த்துக்கலாம்.