கற்பதும் பணிநேரமே

காரவள்ளியில் தொடங்கும் மலைச்சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் கொல்லிமலைக்குள் நுழைகிறது. மேலே அங்கன்வாடி நடத்தும் பணியாளருக்கு நாமக்கல்லில் ஒருநாள் பயிற்சி என்றால், அத்தனை வளைவும் இறங்கி, மாலையில் மறுபடி ஏற வேண்டும். அன்று சமையலும் பிள்ளைகளும் உதவியாளர் ஒருவர் தலையில். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் மலைப்பள்ளி ஆசிரியருக்கும் இதே பாடுதான். கைபேசி வழியே பயிற்சி மேலே வந்தால் யாரையும்விட அதிகம் பயனடையக்கூடியவர்கள் இவர்கள். ஆனால் இவர்கள் கையில் இருக்கும் கைபேசி கற்றுத்தருவதைவிடக் கணக்குக் கேட்பதே அதிகம்.

2021 மார்ச்சில் அறிமுகமான போஷன் டிராக்கர் செயலியில் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிய வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் வருபவையோ சுற்றறிக்கைகள், 'இன்று மாலைக்குள்' என்ற நினைவூட்டல்கள், நடுநடுவே யாரோ அனுப்பிய கைவைத்தியம். சந்தேகம் கேட்பவர் அபூர்வம். மேலதிகாரி இருக்கும் குழுவில் 'எனக்குத் தெரியாது' என்று எழுத யாருக்குத் துணிவு வரும்?

தெரியாமல் போவதால் என்ன ஆகிறது என்பதற்கு உயரம் அளப்பதையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். தலை மேற்பலகையைத் தொட வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது, பாதம் கீழ்ப்பலகையில் தட்டையாகப் பதிய வேண்டும். படுக்க மறுத்து அழும் குழந்தையை நிற்கவைத்து அளந்தால், கிடைத்த அளவுடன் 0.7 செ.மீ. கூட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சிறு வித்தியாசம் வளர்ச்சி குன்றிய குழந்தையா இல்லையா என்பதையே மாற்றிவிடக்கூடும். செயலிக்கு வேண்டியது எண் மட்டுமே; அது எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டு நிமிடக் காணொளி இதைக் கண்ணெதிரே காட்டிவிடும்.

அந்தக் காணொளியை யார் எடுப்பது? மலையிலேயே பல ஆண்டு வேலை பார்த்த பணியாளர் எடுக்கட்டும், மலை மக்கள் பேசும் தமிழில். சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும்படி, முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளத்தக்க சிறிய கோப்பாக இருக்கட்டும். 2006இல் பெங்களூருவில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' இந்த வழியில்தான் போனது. உள்ளூர் விவசாயிகளே நடித்த படங்களைச் சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டார். படத்தை அனுப்பியதோடு பயிற்சி முடிந்துவிடாது என்பதை நம் அலுவலகங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டிய முதலுதவி போன்றவற்றுக்கு நேரடிப் பயிற்சியே தொடரட்டும்.

நாம் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் நேரம். பகலெல்லாம் மையம், வீடு வீடாகச் சந்திப்பு, பிறகு அடுப்படி. அதற்கும் மேல் இரவில் 'இந்தப் பாடத்தை முடித்துச் சான்றிதழை அனுப்புங்கள்' என்பது பயிற்சி அல்ல, சம்பளமில்லாத வேலை. 2017 ஜனவரி முதல் பிரான்சில், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டமாக இருக்கிறது. இங்கே அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கற்பதற்கென்று பணிப்பதிவேட்டிலேயே ஒதுக்க ஓர் அரசாணை போதும். டேட்டா செலவும் பழுதான கைபேசியை மாற்றும் பொறுப்பும் அரசுடையவை. 2021இல் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அரசு தந்த கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். கருவி தரமில்லை, செயலி தங்கள் மொழியில் இல்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அவர்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்லர்.

சந்தேகம் கேட்பதற்கென்று அதிகாரிகள் இல்லாத தனிக் குழு வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் அதில் குரல்பதிவில் பதில் சொல்லட்டும். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை எந்தக் குழுவிலும் போடக் கூடாது என்ற கட்டுப்பாடும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

நாமக்கல் மாவட்ட நிர்வாகம் இதைக் கொல்லிமலையில் தொடங்க வேண்டும். எடை, உயரம் எடுக்கும் நாளுக்கு முந்தைய வாரமே முதல் பாடத்துக்கு ஏற்ற நேரம்.