பிரஷர் மட்டும்தான் காரணமா?

வீட்டுப் பெரியவருக்கு மூளையில் ரத்தக்கசிவு என்றால், 'பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்' என்றுதான் சொந்தபந்தங்கள் பேசிக்கொள்வார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்தவருக்கும் கசிவு வருவதுண்டு. அதற்கு ஒரு முக்கியக் காரணம், 'செரிப்ரல் அமைலாய்டு ஆஞ்சியோபதி'. சுருக்கமாக சி.ஏ.ஏ.

அல்சைமர் நோயில் மூளைத் திசுவில் படிகிற அமைலாய்டு பீட்டா என்ற புரதம், இதில் மூளையின் மேற்பகுதியில் உள்ள சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் படிகிறது. சுவர் வலுவிழந்து, ஒருநாள் ரத்தம் கசிகிறது. பிரஷரால் வரும் கசிவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் ஏற்படும். சி.ஏ.ஏ. கசிவு ஏற்படுவது வெளிப்பக்க மடல்களில். கசிந்த இடத்தைப் பார்த்தே டாக்டர்களுக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

இந்த நோயைப் புரியவைத்ததில் ஒரு கடலோர ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. நெதர்லாந்தின் காட்வைக் ஊரில், சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக 50 வயதையொட்டி மூளையில் ரத்தக்கசிவு வந்தது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1990-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு. அந்தக் குடும்பத்தினர் ஆராய்ச்சிக்கு முன்வந்ததால் ஒன்று தெரிந்தது. முதல் கசிவு வருவதற்கு முன்பே, தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் திறனை மூளையின் ரத்தக்குழாய்கள் இழக்கத் தொடங்கிவிடுகின்றன.

முதியவர்களுக்கு வருகிற சி.ஏ.ஏ. பெரும்பாலும் பரம்பரை நோயல்ல. அதனால் பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், ஓர் அறிகுறியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விரல் நுனியில் மரத்துப்போவது போலத் தொடங்கி, மெல்லக் கை, முகம் என்று பரவி, சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். பார்ப்பதற்கு 'மினி ஸ்ட்ரோக்' போலவே இருக்கும். மினி ஸ்ட்ரோக்குக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவார்கள். சி.ஏ.ஏ. உள்ளவருக்கு அதே மாத்திரை கசிவை அதிகமாக்கலாம். ஆகவே, வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ரத்தத்துக்கென எடுக்கும் சிறப்புப் படங்களில், பழைய நுண்கசிவுகள் கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.

அதற்காக, இதய நோய்க்கு ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. கசிவு, அடைப்பு இரண்டில் எந்த ஆபத்து பெரிது என்பதை ஆளைப் பொறுத்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படிந்த புரதத்தை நீக்கி இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால், கையில் இருக்கும் ஆயுதம் சாதாரணமானதல்ல. முன்பு பக்கவாதம் வந்தவர்களிடம் பெரிண்டோப்ரில் மாத்திரையை அடிப்படையாக வைத்து நடந்த 'ப்ராக்ரஸ்' ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் குறைத்தபோது சி.ஏ.ஏ. தொடர்பான கசிவு 77 சதவிகிதம் குறைந்தது.

பிரஷர் மட்டுமே காரணம் இல்லைதான். ஆனாலும், தாத்தா பாட்டியின் பிரஷர் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள்!