குத்தகைக்குப் போன குடில்

கிறிஸ்துமஸைக் கடைத்தெரு விழுங்கிவிட்டது என்று டிசம்பர்தோறும் பிரசங்கம் கேட்கிறோம். கடைக்காரர்மீது நமக்கு வழக்கு இல்லை. தள்ளுபடி அறிவிப்பதும், ஜவுளியைக் குவித்து விற்பதும், பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே ஓட்டல்களில் கேக் கலவை விழா நடத்திப் படம் போடுவதும் அவர்கள் பிழைப்பு. ஆலயக் கேட்டைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்து, குடிலுக்குப் பக்கத்திலேயே பேனர் கட்ட இடம் காட்டியவர்கள் யார்? நம் சேகரக் கமிட்டிகள், பங்குப் பேரவைகள், நம் பள்ளி கல்லூரி நிர்வாகங்கள். இந்தக் கண்டனம் அவர்களுக்கே.

கீத பவனியை எடுத்துக்கொள்வோம். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஒருவர் தூக்கிப் பிடிக்க, பாடகர் குழு தெருத்தெருவாக நடந்த காலம் ஒன்று உண்டு. ஓட்டு வீடோ ஓலை வீடோ, எல்லா வாசலிலும் அதே பாட்டு. இருப்பவர்கள் காணிக்கை போடுவார்கள். இல்லாதவர்கள் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள். இன்று வேன், ஜெனரேட்டர், ஆளுயர ஸ்பீக்கர், மிட்டாய்ப் பையோடு ஆடும் கிறிஸ்துமஸ் தாத்தா, வேனின் முகப்பில் நகைக்கடை பேனர். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்ற பட்டியல், போன ஆண்டு கவரில் இருந்த தொகையைப் பார்த்துத் தயாராகிறது. டாக்டர் வீட்டில் நான்கு பாட்டு. கான்ட்ராக்டர் வீட்டில் நான்கு பாட்டும் இரவுச் சாப்பாடும். துப்புரவுப் பணியாளர் குடியிருப்புக்குப் போவதற்குள் விடிந்துவிடுகிறது, அல்லது போவதே இல்லை. எல்லாச் சபைகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. இப்படி நடத்தும் சபைகளுக்கு இது உறுத்தக்கூட இல்லை என்பதுதான் நம் கோபம்.

இந்தப் பட்டியலைப் போடுகிறவர்கள் லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தை எந்தக் கண்ணால் வாசிக்கிறார்கள்? சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்ட பிள்ளை. பிறந்த செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது, இரவில் வயல்வெளியில் மந்தை காத்துக் கிடந்தவர்களுக்கு. அதே அதிகாரத்தில் நாம் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு விவரமும் இருக்கிறது. பிள்ளையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன பெற்றோர் பலியாகச் செலுத்த வேண்டியிருந்தது ஒரு ஜோடி காட்டுப்புறாவையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ. லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் அதன் பொருள் விளங்கும். ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாத தாய்க்கு நியாயப்பிரமாணம் விட்டுக்கொடுத்த சலுகை அது. மரியாளின் வீட்டு வாசலில் இன்றைய கீத பவனி நின்றிருக்குமா? கவர் கனமில்லாத வீடாயிற்றே.

குடிலுக்கு வருவோம். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் கேட்டது ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். கடவுளின் மகன் எவ்வளவு வறுமையில் பிறந்தார் என்பதை ஊரார் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வைக்கோல் இன்று நம் ஆலய வளாகங்களில் மின்சார அருவியாக, நகரும் பொம்மையாக, புகை கக்கும் மலையாக மாறி, "இந்தக் குடிலை வழங்குவோர்" என்ற பலகையோடு நிற்கிறது. பிறகு குடில் போட்டி, முதல் பரிசு, பரிசு கொடுக்க எம்.எல்.ஏ., அவருக்குப் பொன்னாடை. ஞானிகள் பொன் கொண்டுவந்தது பிள்ளைக்கு என்று படித்த ஞாபகம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவை நாம் வெறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் மீரா நகர ஆயர் நிக்கோலஸ்தான் அவருக்கு மூலம். வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, யாருக்கும் தெரியாமல் இரவில் ஜன்னல் வழியே பொன்முடிப்பு போட்டவர் என்று அவரைப் பற்றிய மரபுக் கதை சொல்கிறது. இன்று நம் கண்ணில் நிற்கும் அந்தச் செக்கச்செவேலென்ற தொப்பைக்காரரின் முகம் உலகெங்கும் பரவியதில், 1931 முதல் கோகா-கோலா விளம்பரத்துக்காக ஹேடன் சன்ட்ப்ளோம் தீட்டிய படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒளிந்து கொடுத்த ஆயரை விட்டுவிட்டு விளம்பரக்காரரின் தாத்தாவைத் தத்தெடுத்துக்கொண்டோம். போகட்டும். ஆனால் எல்.கே.ஜி. பிள்ளை சிவப்பு உடையும் குல்லாவும் போட்டுத்தான் வர வேண்டும் என்று மிஷன் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை போகிறதே, அது எந்த வேதத்தில் இருக்கிறது? ஒரு நாள் வாடகை உடைக்காகக் கட்டடத் தொழிலாளி அலையும் அதே வாரத்தில், அந்தப் பள்ளியின் சுயநிதிப் பிரிவு ஆசிரியைக்கும் கழிப்பறை கழுவும் அம்மாவுக்கும் போனஸ் உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பண்டிகையின் சந்தை முகத்தைத் திருப்பூரைவிட நன்றாக அறிந்த ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் டிசம்பரில் பரிசுப் பொதியாகப் பிரிக்கும் பின்னலாடைகளை அங்குள்ள தையல்காரர்கள் பல மாதம் முன்பே ஓவர்டைம் பார்த்து முடித்தாக வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியபோது, முதலில் அடிவாங்கியவற்றில் இந்தப் பண்டிகைக்கால ஆர்டர்களும் உண்டு. மெஷினில் உட்காரும் பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஷிப்மென்ட் தேதி. அந்தப் பெண்களின் கூலியைப் பற்றி, விடுதி வாழ்க்கையைப் பற்றி நம் பிரசங்க பீடங்களில் டிசம்பரில் ஒரு வார்த்தை உண்டா? பசித்தவர்களை நன்மைகளால் நிரப்பி ஐசுவரியவான்களை வெறுமையாய் அனுப்பும் தேவனைத்தானே மரியாள் பாடினாள்?

கொண்டாடவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகக் கொண்டாடுங்கள். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். தீபாவளிக்கு அவர்கள் அனுப்பிய தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுங்கள். அதற்காகச் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கி, ஜனவரியில் தோட்டை அடகு வைக்கும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளாதீர்கள். தள்ளுவது கடைக்காரர் மட்டுமா? "புதுத்துணி இல்லாமலா ஆராதனைக்கு வந்தாய்?" என்று கேட்கும் பார்வை ஆலயத்துக்குள்தான் இருக்கிறது.

சுருக்கிக்கொள்ள நமக்குத் தெரியாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது, முந்தின நாள் கட்டிய நட்சத்திரங்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 2023இல் காசா போரை முன்னிட்டு எருசலேமின் சபைத் தலைவர்கள் ஆடம்பரங்களைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார்கள்; பெத்லகேமிலேயே மரம் வைக்கவில்லை. அவ்வூர் லூத்தரன் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கான்கிரீட் இடிபாடுகளுக்கு நடுவே கிடத்தினார்கள். அதே டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. வெள்ளமும் போரும் வந்து கையை முறுக்கினால்தான் எளிமை வரும் என்றால், திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகள் எதற்கு? பீடத்தில் தவக்கோலத்தின் ஊதாத் துணி, வாசலில் குல்லா வியாபாரம்!

ஆகவே கேட்கிறோம், கெஞ்சவில்லை. ஆலய வளாகத்திலும் கீத பவனி வேனிலும் வணிக விளம்பரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்பே இதைத் திருமண்டலங்களும் மறைமாவட்டங்களும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பவனி பட்டியல் சபையின் கடைசி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். உடைக்கும் கேக்குக்கும் பணம் கேட்கும் சுற்றறிக்கையைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். உபதேசியாருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒப்பந்த ஆசிரியருக்கும் சேர வேண்டியது 24ஆம் தேதிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பவனிக் காணிக்கை எவ்வளவு, ஸ்பீக்கருக்கும் பிரியாணிக்கும் போனது எவ்வளவு, விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் போனது எவ்வளவு என்ற கணக்கை ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசிக்க மறுக்கும் கமிட்டிக்காரர்கள் அடுத்த சேகரத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தக் கணக்கை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.