ஆமையும் அதிர்ஷ்டமும்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் மக்களின் பழமொழி. அதே மக்கள் திருநீர்மலை ஏறி, ஆமையாய் அவதாரமெடுத்ததாகச் சொல்லப்படும் கடவுளைக் கும்பிட்டு இறங்குகிறார்கள். மலைக்குச் சிறிது தூரத்திலுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்திலோ, வெளிநாடுகளுக்குக் கடத்தப்படும் நட்சத்திர ஆமைகள் பலமுறை பெட்டி பெட்டியாகப் பிடிபட்டிருக்கின்றன. அதை வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டமாம்! ஒரே பிராணி ஓரிடத்தில் தரித்திரம், ஓரிடத்தில் தெய்வம், மற்றோரிடத்தில் லட்சுமி கடாட்சம் என்றால் எது உண்மை? மூன்றும் புரட்டு என்பதே நமது அபிப்பிராயம்.

நிற்க, சட்டம் இல்லாமலில்லை. 1973-இல் வாஷிங்டனில் பல தேசத்தார் கூடி, அழிந்துவரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தார்கள். 1976-இல் இந்தியாவும் சேர்ந்தது. 2019-இல் ஜெனீவா மகாநாட்டில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டு, காட்டில் பிடித்ததைத் தேசம் விட்டுத் தேசம் விற்பது அடியோடு தடுக்கப்பட்டது.

ஆனால் சட்டம் பெட்டியைத்தான் சோதிக்கும். வாங்குகிறவன் மூளையைச் சோதிக்காது. மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பென்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். அதற்குத் தலை ஒன்றுதான். மழுங்கிய வாலே மற்றொரு தலைபோல் தோன்றுகிறது. அது செல்வம் தருமானால், கையில் வைத்திருப்பவன் அதை ஏன் விற்கிறான் என்று கேட்கிறோம்.

பிடித்துக் கொடுக்கும் ஏழை ஜெயிலுக்குப் போகிறான். அதிர்ஷ்டக் கதை அளக்கும் சோதிடன் சுகமாயிருக்கிறான். வாங்குகிறவன் இல்லையேல் விற்கிறவன் ஏது? ஆகவே தோழர்களே, மண்ணுளியைக் கண்டால் வயலிலேயே விட்டுவிடுங்கள். எலியைத் தின்று விளைச்சலைக் காப்பதுதான் குடியானவனுக்கு அது தரக்கூடிய ஒரே அதிர்ஷ்டம்.