கப்ரில்லாதவர்களின் பர்ஸக்

சென்ற மாதம் இப்பகுதியில் ஸகராத்து வேளையைப் பற்றியும், ரூஹு உடலை விட்டுப் பிரியும் விதத்தைப் பற்றியும் எழுதியிருந்தோம். முஃமினின் ரூஹு தோல் துருத்தியின் வாயிலிருந்து நீர்த்துளி வழிவதைப் போல இலகுவாக வெளியேறும். பாவியின் ரூஹோ நனைந்த கம்பளியிலிருந்து முள்ளுள்ள இரும்புக் கம்பியை இழுப்பதைப் போலப் பிடுங்கி எடுக்கப்படும். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸில் இவ்வாறு வந்திருப்பதைக் கண்டோம். அந்த ஹதீஸின் பிற்பகுதியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

வானுக்கு உயர்த்தப்பட்ட ரூஹு மீண்டும் உடலிடம் அனுப்பப்படும். மலக்குகள் இருவர் வந்து மய்யித்தை உட்கார வைத்து, உன் ரப்பு யார், உன் தீன் எது, உங்களிடம் அனுப்பப்பட்ட இந்த மனிதர் யார் என்று கேட்பர். சரியான விடை பகர்ந்தவருக்குக் கப்ரு கண்ணுக்கெட்டிய தூரம் விரிக்கப்படும். சுவனத்தை நோக்கி ஒரு வாசல் திறக்கப்படும். விடை தெரியாது விழித்தவனுக்குக் கப்ரு நெருங்கி விலா எலும்புகளைக் கோத்துவிடும். சிறு வயதில் மதரஸாத் திண்ணையிலே நாம் அனைவரும் கேட்டு நடுங்கிய செய்திதான் இது.

இந்த வருணனை முழுவதும் கப்ரு ஒன்று இருப்பதாகவே பேசுகிறது. அப்படியாயின் கப்ரே இல்லாதவருக்கு என்ன? கடலில் மூழ்கி உடல் கரையேறாதவர், காட்டு விலங்குக்கு இரையானவர், தீயில் வெந்து சாம்பலானவர் ஆகியோரிடம் முன்கரும் நகீரும் எங்கே வருவார்கள்?

முற்காலத்தில் இது அரபிக் கல்லூரி மாணவர்கள் தமக்குள் வாதிட்டுக்கொள்ளும் வினாவாக இருந்தது. நம் கண்முன்னேயோ எத்தனையோ இல்லங்களில் இது கண்ணீரோடு கேட்கப்பட்ட வினாவாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது நாகூர் முதல் கல்முனை, மருதமுனை வரை எத்தனை குடும்பங்கள் தம்மவரின் முகத்தைக் கடைசியாகக் காணாமலேயே போயின! அது இறைவனின் விதி. ஆனால் 2020ஆம் ஆண்டு இலங்கையில் நடந்தது மனிதர் செய்த செயல். கொரோனாவால் இறந்தவர் எம்மதத்தவராயினும் எரிக்கப்பட்டே ஆகவேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அந்நாட்டரசு வர்த்தமானி அறிவிப்பின் மூலம் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் கூறப்பட்டது. அடக்கம் செய்வதோ எரியூட்டுவதோ இரண்டுமே தகும் என உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தும் பயனில்லை. டிசம்பர் மாதத்தில், பிறந்து 20 நாள்களே ஆன ஒரு பச்சிளங் குழந்தையும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டித் தம் துயரத்தை வெளியிட்டனர். கஃபன் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

2021 பிப்ரவரி 25 அன்று அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் முதல் கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. 2024 ஜூலையில் அரசு முறைப்படி மன்னிப்பும் கோரியது. ஆயினும் அதற்குள் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிந்து முடிந்திருந்தன. அக்குடும்பங்களின் நெஞ்சிலே நிற்கும் வினாவுக்கு மன்னிப்பு விடையாகாது. எரிக்கப்பட்ட என் வாப்பாவின் ரூஹு எங்கே தங்கும் என்று கேட்கும் மகளுக்கு அகீதா நூல்கள்தாம் விடை கூற வேண்டும். கூறியும் இருக்கின்றன.

நம் அரபிக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் நூல்களுள் ஒன்று இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் அகீதாவுக்கு அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) எழுதிய விரிவுரை. தண்ணீரில் மூழ்கியவனும், விலங்குகளின் வயிற்றில் போனவனும், ஆகாயத்தில் தொங்கும்படி கழுவேற்றப்பட்டவனும், நம் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும், கப்ரில் நிகழ வேண்டியதை அனுபவிக்கவே செய்வான் என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ரூஹைப் பற்றியே தனியொரு பெருநூல் இயற்றியவர்கள். அவர்களும் இதே கருத்தினர். பர்ஸகில் நிகழ்வதற்குக் கப்ரின் வேதனை, கப்ரின் இன்பம் என்று பெயர் வந்தது, மனிதரில் பெரும்பாலோர் கப்ரில் அடக்கப்படுவதால்தான். அப்பெயர் மண்ணுக்கு உரியதன்று, நிலைக்கு உரியது.

பர்ஸக் என்னும் சொல்லே இதற்குச் சான்று. தடுப்பு, இடைத்திரை என்பது அதன் பொருள். இறந்தோருக்கு முன்னால் அவர்கள் எழுப்பப்படும் நாள் வரை ஒரு பர்ஸக் உண்டு என்று அல்முஃமினூன் அத்தியாயம் (23:100) கூறுகிறது. அங்கே குழி என்றோ மண் என்றோ சொல்லப்படவில்லை. தாயின் கருவறை, இவ்வுலகம், பர்ஸக், மறுமை என்று மனிதனுக்கு நான்கு வீடுகள் உண்டு. ஒன்றிலிருந்து அடுத்ததை அளக்க முடியாது என்பார்கள் இப்னுல் கய்யிம். கருவிலிருக்கும் சிசுவிடம் கடலின் அகலத்தை எவ்வாறு விளக்குவது?

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இதனை இன்னும் எளிதாக்கியிருக்கிறார்கள். அருகே ஒருவன் உறங்குகிறான். கனவிலே அவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் துடிக்கிறான், வியர்க்கிறான். பக்கத்தில் விழித்திருப்பவனுக்கோ பாம்பும் தெரியவில்லை, கடியும் தெரியவில்லை. உறங்குபவன் பட்ட வேதனை மட்டும் பொய்யன்று. மய்யித்தின் நிலையும் அவ்வாறே. எரிகின்ற சிதையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் காண்பது உடலை மட்டுமே. உடலுக்கு உரியவர் அவ்வேளையில் சுவனத்தின் தென்றலை நுகர்ந்துகொண்டிருக்கலாம்.

வேதனையும் இன்பமும் ரூஹுக்கு மட்டுமா, உடலுக்கும் சேர்த்தா என்பதில் இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் ரூஹுக்கு மட்டுமே என்றனர். அஹ்லுஸ் ஸுன்னத்தின் பெரும்பாலோர் இரண்டுக்கும் என்றே கொள்வர். எவ்விதம் என்று கேட்டால், ரூஹைப் பற்றி மனிதருக்குச் சொற்ப அறிவே கொடுக்கப்பட்டுள்ளது என்னும் திருவசனத்தின் (17:85) எல்லையில் நின்றுவிடுவதே அடக்கம்.

எரிந்து சாம்பலான உடல் மீண்டும் ஒன்று கூடுமா என்ற ஐயத்திற்கு இடமே இல்லை. மக்காவில் இறைமறுப்பாளன் ஒருவன் (உபை இப்னு கலஃப் என்றும் ஆஸ் இப்னு வாயில் என்றும் சொல்வர்) மக்கிப்போன எலும்பைக் கையில் எடுத்து நொறுக்கி, இதற்கா உயிர் வரும் என்று எள்ளினான். முதன்முதல் படைத்தவனே உயிர்ப்பிப்பான் என்று யாஸீன் சூரா அவனுக்கு விடையளித்தது (36:78, 79). கல்லாகவோ இரும்பாகவோ மாறிவிட்டாலும் எழுப்பப்படுவீர்கள் என்கிறது பனூ இஸ்ராயீல் சூரா (17:50, 51). கல்லையும் இரும்பையும் எழுப்புகிறவனுக்குச் சாம்பல் எம்மாத்திரம்?

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு நிகழ்ச்சி இவ்விடத்திற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. முன்சென்ற சமுதாயத்தில் ஒரு மனிதன் தன் பாவங்களை எண்ணிப் பயந்தான். மரண வேளையில் பிள்ளைகளை அழைத்து, என்னை எரித்து, பொடியாக அரைத்து, காற்று பலமாக வீசும் நாளில் பாதியைத் தரையிலும் பாதியைக் கடலிலும் தூவிவிடுங்கள் என்று வசிய்யத்துச் செய்தான். அவர்களும் அவ்வாறே செய்தனர். அல்லாஹ் நிலத்துக்கும் கடலுக்கும் ஆணையிட்டான். துகள்கள் ஒன்று சேர்ந்தன. அம்மனிதன் எழுந்து நின்றான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்பட்டபோது, உன் மீதிருந்த அச்சத்தால் என்றான். அவன் மன்னிக்கப்பட்டான். அவன் செய்யச் சொன்னது தவறு. எரிப்பதற்கு இது சான்றாகாது. ஆனால் தானே விரும்பித் தன்னைச் சாம்பலாக்கிக்கொண்டவனுக்கே ரஹ்மத்து கிட்டிற்றென்றால், விருப்பமின்றி எரிக்கப்பட்டவர்களைக் குறித்து நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

ஒரு சிறு விலகல். மனித உடலில் முதுகுத்தண்டின் அடிநுனி எலும்பைத் தவிர மற்றவை யாவும் மக்கிவிடும், அதிலிருந்தே மீண்டும் படைப்பு கூட்டப்படும் என்பது ஸஹீஹான ஹதீஸ். இதனை வைத்து, அந்த எலும்பு எந்த நெருப்பிலும் வேகாது, ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டது என்று கைபேசிகளில் செய்திகள் உலவுகின்றன. கப்ரின் அலறல் பதிவானது என்னும் ஒலிப்பதிவுகளும் அவ்வகையே. நம்பிக்கைக்கு இத்தகைய முட்டுக்கால்கள் தேவையில்லை. நாளை அம்முட்டு சரிந்தால் பலவீனமான ஈமானும் உடன் சரியும். அனுப்புவோர் சற்று யோசிக்க வேண்டும்.

எரிக்கப்பட்ட அந்தப் பாலகனைப் பற்றி ஒரு வார்த்தை. பருவமடையாத குழந்தையின் மீது வினைப்பதிவே கிடையாது. பெருமானார் (ஸல்) அவர்கள் தாம் கண்ட நீண்ட கனவொன்றை விவரிக்கையில், பசுமையான தோட்டத்தில் நெடிய உயரமுள்ள ஒருவரையும் அவரைச் சூழ்ந்து ஏராளமான குழந்தைகளையும் கண்டதாகவும், அவர் இப்ராஹீம் (அலை) என்றும், அக்குழந்தைகள் இயற்கை மார்க்கத்திலேயே இறந்துபோன சிறார்கள் என்றும் கூறினார்கள். நெருப்பில் எறியப்பட்டும் வேகாமல் வெளிவந்த நபியின் மடியருகே அக்குழந்தை இருப்பதாக எண்ணிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

இனி, உடல் சிதைக்கப்பட்டவர்களின் உறவினர் அக்காலத்தில் எவ்வாறு தேறினார்கள்? ஹிஜ்ரி 3இல் உஹதுக் களத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களின் திருமேனி சிதைக்கப்பட்டுக் கிடந்தது. அதைக் கண்ட அண்ணலார் (ஸல்), சகோதரி ஸஃபிய்யா (ரலி) வருந்துவார் என்பதில்லையானால் அப்படியே விட்டுவிட்டிருப்பேன். பறவைகளும் விலங்குகளும் உண்ண, அவற்றின் வயிறுகளிலிருந்தே அவர் மறுமையில் எழுப்பப்படுவார் என்ற கருத்துப்படக் கூறினார்கள். ஷஹீதுகளின் தலைவருக்குக் கப்ரு ஒரு நிபந்தனையன்று. கப்ரு வேண்டியிருந்தது உயிரோடிருந்த சகோதரியின் மனத்துக்காக. உற்றாரின் உள்ளத்துக்கு ஷரீஅத் கொடுக்கும் இடம் இது.

ஹிஜ்ரி 73இல் ஹஜ்ஜாஜின் படை அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைக் கொன்று உடலை மக்காவில் தொங்கவிட்டது. தாயார் அஸ்மா (ரலி) அவர்கள் அப்போது பார்வையிழந்த முதியவர். இப்னு உமர் (ரலி) அவர்கள் அன்னாரிடம் சென்று, இந்த உடல்களில் ஒன்றுமில்லை, ரூஹுகள் அல்லாஹ்விடம் உள்ளன, பொறுமை கொள்ளுங்கள் என்று ஆறுதல் உரைத்தார்கள். அதற்கு அந்த வீரத்தாய், பொறுக்க எனக்கென்ன தடை, ஸக்கரிய்யா (அலை) அவர்களின் மகனார் யஹ்யா (அலை) அவர்களின் தலையே பனூ இஸ்ராயீலின் ஒரு தீயவளுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டதே என்றார்கள்.

இவ்வளவும் கேட்டபின், உடல் ஒரு பொருட்டில்லையெனில் எரித்தாலென்ன, புதைத்தாலென்ன என்று எவரேனும் வாதிட முற்படலாம். அது புரட்டு. ரூஹுக்குக் கேடில்லை என்பது வேறு, உடலின் ஹக்கைப் பறிக்கலாம் என்பது வேறு. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்று நபிமொழி வந்துள்ளது. கப்ரின் மீது உட்காருவதைவிட, ஆடையைத் தீய்த்துத் தோலை எட்டும் தீக்கங்கின் மீது உட்காருவது மேல் என்றும் வந்துள்ளது. குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழுதல், அடக்குதல் என்னும் நான்கும் உயிரோடிருப்போர் மீது ஃபர்ளு கிஃபாயாவாகச் சுமத்தப்பட்ட கடமைகள். அவற்றைச் செய்யவிடாது தடுத்தவர் அல்லாஹ்விடம் பதில் கூறுவார். செய்ய இயலாது கைகட்டி நின்ற மகன் மீது குற்றமில்லை. எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை.

இயன்ற அளவு செய்வது எவ்வளவு நுணுக்கமாகப் பேணப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்லலாம். ஹிஜ்ரி 36இல் பஸராவுக்கு அருகே நடந்த ஒட்டகப் போரில் மாண்ட அப்துர் ரஹ்மான் இப்னு அத்தாப் அவர்களின் துண்டிக்கப்பட்ட கையைப் பறவையொன்று தூக்கிச் சென்று மக்காவில் போட்டதாகவும், விரலிலிருந்த மோதிரத்தைக் கொண்டு அடையாளம் கண்டு, அந்த ஒற்றைக் கைக்காக மக்கள் ஜனாஸாத் தொழுததாகவும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் குறிப்பிடுகின்றன. இதனால் உடலின் ஓர் உறுப்பே கிடைத்தாலும் தொழ வேண்டும் என்பது அம்மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் உடலின் பெரும்பகுதியோ தலையோடு கூடிய பாதியோ இருக்க வேண்டும். தீயில் வெந்து, நீர் பட்டால் உதிர்ந்துவிடும் நிலையிலுள்ள மய்யித்துக்குத் தயம்மம் போதும் என்பது ஷாஃபிஈ சட்டம்.

கொள்ளை நோயில் மாண்டவரும் நீரில் மூழ்கியவரும் ஷஹீதின் கூலியைப் பெறுவர் என்னும் நபிமொழி இக்குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தனிமை வார்டுகளில் தனியே உயிர்விட்ட பலர் வசிய்யத்துச் சொல்லவும் வாய்ப்பின்றிப் போயினர். யாரிடம் எவ்வளவு வாங்கினார், கடைக்கணக்கில் எவ்வளவு நிலுவை என்று வீட்டாருக்கே தெரியாது. கப்ரு இல்லையே என்று கலங்குவோர் இதன் மீது கருத்தைத் திருப்ப வேண்டும். ஏனெனில் முஃமினின் ரூஹு அவரது கடன் தீரும் வரை அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்பது ஹதீஸ். மண் இல்லாததால் எந்த ரூஹும் தடைப்படுவதாக எங்கும் வரவில்லை.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: ஒருவர் இறந்துவிட, அவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தோம். இவருக்குக் கடன் உண்டா என்று வினவினார்கள். இரண்டு தீனார் உண்டு என்றோம். தொழ வைக்காமல் திரும்பினார்கள். அந்த இரண்டு தீனாரும் என் பொறுப்பு என்று அபூ கதாதா (ரலி) ஏற்றுக்கொண்ட பின்னரே தொழ வைத்தார்கள். மறுநாள் அபூ கதாதாவைக் கண்டு, அந்த இரண்டு தீனாரும் என்னவாயிற்று என்று கேட்டார்கள். நேற்றுத்தானே இறந்தார் என்றார் அவர். அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னதும், இப்பொழுதுதான் அம்மனிதரின் மேனி குளிர்ந்தது என்றார்கள் அண்ணலார் (ஸல்).